செம்பனையை நம் பிள்ளைகளுக்கு யார் காட்டுவது?

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்கள் பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை நிற்கிறது. பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், வடக்கே கெர்லிங், களும்பாங் என்று நம் வட்டாரத்துப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் நிலை. பள்ளி வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறியிருந்தாலும் பிள்ளைகள் பேருந்தில் வரும் வழியெல்லாம் செம்பனைதான். அந்த மரத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

உங்களிடம் ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் உயிரியலை எடுத்தால், படிவம் ஐந்தில் மரபுவழிப் பண்புகளைப் படிக்கும். மெண்டலின் பட்டாணிச் செடி, நெட்டை, குட்டை, ஒன்றுக்கு மூன்று. நான் லயத்தில் வளர்ந்து, பின்னாளில் இதே பாடத்தைக் கற்றுக்கொடுக்க வந்தவன். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் பட்டாணிச் செடியைக் கண்ணால் பார்த்தவர்கள் எவரும் இல்லை. ஆனால் அவர்களில் பாதிப் பேரின் அப்பாவோ தாத்தாவோ செம்பனைக் குலை வெட்டியவர்கள். மெண்டல் சொன்ன அதே விதியை ஒரு கத்தியால் வெட்டிக் காட்டக்கூடிய பழம் அந்த வீட்டு வாசலில் கிடந்தது. அதை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. பாடநூல் காட்டாதது ஒரு பக்கம் இருக்கட்டும். நாமாவது காட்டியிருக்க வேண்டாமா?

"நம் பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்" என்று சொல்லித்தான் நாம் எல்லாரும் பிள்ளைகளை வளர்த்தோம். அதில் தவறில்லை. பெரட்டுக்கு இருட்டில் எழுந்துபோனவர்களுக்கும் கழுத்து வலியோடு திரும்பிவந்தவர்களுக்கும் அப்படிச் சொல்ல முழு உரிமை உண்டு. என் வருத்தம் வேறு. தோட்டத்து வேலையை விடச் சொன்ன நாம், தோட்டத்து அறிவையும் சேர்த்து விடச் சொல்லிவிட்டோம். செம்பனையைப் பற்றி வகுப்பில் பேசினால் பிள்ளை பின்தங்கிவிடும் என்பதுபோல நடந்துகொண்டோம். அறிவியல் விழா வந்தால் அட்டையிலும் மின்கலத்திலும் செய்து பரிசு வாங்குகிறார்கள், மகிழ்ச்சி. அந்த மேசைகளில் செம்பனை ஏன் இல்லை?

நம் பெரியவர்களுக்கு என்ன தெரியும் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எந்த வரிசையில் எந்த மரம் பூத்துப் பூத்தும் குலை பழுக்காமல் கருகிப்போகும் என்பது குலை வெட்டியவருக்குத் தெரியும். எந்த மரத்துப் பழத்தில் சதை குறைந்து கொட்டை பெருத்திருக்கும் என்பதை உதிரிப்பழம் பொறுக்கிய அம்மா கையில் எடுத்ததும் சொல்லிவிடுவார். 1981-க்கு முன்பு இளம் மரங்களுக்குக் கையால் மகரந்தம் தூவிய பெண்கள் தோட்டங்களில் இருந்தார்கள்; எந்தப் பூ எந்த நாளில் விரியும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த ஆண்டு, மகரந்தம் பரப்புவதற்காகக் கேமரூனிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு கூன்வண்டை ஜொகூர் குளுவாங் பக்கம் மாமோர் தோட்டத்தில் விட்டார்கள். வண்டு பரவியது, அந்த வேலை முடிந்தது, வேலையோடு சேர்ந்த அறிவும் வீட்டோடு அடங்கிவிட்டது. அந்தப் பெண்களில் இளையவர்களே இன்று பாட்டிகள்.

இந்த அறிவு ஏன் பெரிது என்று கேட்பீர்கள். மலேசியாவில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் வேரூன்றிய இடமே நம் மாவட்டம். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், சுமத்திராவின் டெலியிலிருந்து வந்த விதைகளை முதலில் ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்காக நட்டார். 1917-இல், காப்பி சரியாக வராத நிலத்தில், தென்னமரம் தோட்டத்தில் வணிக அளவில் நட்டார். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகிய இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே தென்னமரம்தான். நாட்டின் பெருந்தொழில் ஒன்று நம் முன்னோர் உழைத்த மண்ணில் தொடங்கியது.

அந்த டெலி விதைகள் எங்கிருந்து வந்தன? 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்துசேர்ந்த நான்கு கன்றுகளிலிருந்து. நான்கே நான்கு. டெலி வகை என்று பெயர் பெற்று, சுமத்திராவிலும் மலாயாவிலும் பரவிய இலட்சக்கணக்கான மரங்களுக்கு அந்த நான்கும்தான் மூலம். நாம் பால் வெட்டிய ரப்பரின் கதையும் ஏறக்குறைய இதுவே: 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள்தான் தொடக்கம். இத்தனை பெரிய தொழில் இவ்வளவு ஒடுங்கிய குடும்பத்தின் மேல் நிற்கிறது என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. ஒரு நோய் வந்தால் ஒன்றைச் சாய்ப்பது எல்லாவற்றையும் சாய்க்கும். நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகிய கூட்டத்துக்கு எங்கும் இந்த ஆபத்து உண்டு.

அப்படியானால் தூரத்து உறவுகளைத் தேட வேண்டும். காட்டில் நிற்கும் உறவுகளை. யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்க வேண்டும். அளக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம் பிள்ளைகள் செய்ய முடிந்த வேலை இது என்று நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஒரு வழி, குரோமோசோம்களை எண்ணுவது. வளரும் வேரின் நுனியைக் கிள்ளி, பதப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். செல் பிரியும் நேரத்தில் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். செம்பனையில் அவை 32, அதாவது 16 இணைகள். ஓர் இணை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். மீதியெல்லாம் நடுத்தரமும் குட்டையும். எண்ணிவிட்டால் போதுமா? போதாது என்பதைச் சணல் கற்றுக்கொடுக்கிறது.

தோட்டத்துக்கு அரிசி வந்த கோணியும் உதிரிப்பழம் அள்ளிய கோணியும் உங்களுக்கு நினைவிருக்கும். வங்காளத்துச் சணல். பயிரிடும் சணலில் இரண்டு இனங்கள். இரண்டிலும் குரோமோசோம் 14. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் இரண்டையும் கலந்து நல்ல வித்து எடுக்கப் படாதபாடு பட்டார்கள். ஒன்றின் நோய் தாங்கும் குணத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோக வழி தெரியவில்லை. அதனால் வெப்ப நாடுகளின் வேலியோரங்களில் பூண்டாக முளைக்கும் காட்டுச் சணல் இனங்களைத் தேடிப்போனார்கள். தண்டழுகலைத் தாங்குபவை, புழுவைத் தாங்குபவை, மெல்லிய நார் தருபவை என்று அவற்றில் பல வகை உண்டு. பெரும்பாலானவற்றில் 14 குரோமோசோம், சிலவற்றில் 28. மேற்கு வங்கத்தின் பாரக்பூரில் சணலுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எவரும் சீந்தாத அந்தப் பூண்டுகளின் விதைகளை அங்கே சேர்த்துக் காக்கிறார்கள்.

இப்போது செம்பனைக்கு வாருங்கள். ஆப்பிரிக்கச் செம்பனைக்கு அமெரிக்கக் கண்டத்தில் ஓர் உறவு உண்டு. மெதுவாக உயரும் மரம்; அதன் எண்ணெய் குளிரில் எளிதில் உறையாது. இரண்டுக்கும் நடுவே அட்லாண்டிக் பெருங்கடல். ஆனால் இரண்டிலும் குரோமோசோம் 32, இரண்டையும் கலந்தால் மரம் பிறக்கிறது. குருத்தழுகலால் தோட்டங்கள் அழிந்த கொலம்பியாவில் இந்தக் கலப்பு மரங்களைத்தான் நடுகிறார்கள். அவற்றில் தானாகக் காய் பிடிப்பது குறைவு என்பதால் அங்கே தொழிலாளர்கள் இன்றும் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தூவுகிறார்கள். நம் பாட்டிமார் செய்த அதே வேலை. ஒரே நாட்டில் ஒரே வயலில் நிற்கும் இரண்டு சணல்கள் சேர மறுக்கின்றன; கடலுக்கு இரு கரையில் நிற்கும் இரண்டு செம்பனைகள் சேர்கின்றன. எண்ணிக்கை மட்டும் உறவைச் சொல்லாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அதனால்தான் நொதிகளைப் பார்த்தார்கள். நொதி ஒரு புரதம். ஒரே வேலையைச் செய்யும் நொதி இரண்டு மரங்களில் சற்றே வேறுபட்ட வடிவில் இருக்கலாம். இளம் இலையை அரைத்துச் சாறெடுத்து, மாவுச்சத்தில் செய்த பாளத்தில் வைத்து மின்னோட்டம் செலுத்தினால் ஒரு வடிவம் முந்தி ஓடும், இன்னொன்று பின்தங்கும். சாயம் ஊற்றியதும் அவை நின்ற இடங்கள் கோடுகளாகத் தெரியும். அப்பாவிடமிருந்து ஒரு வடிவமும் அம்மாவிடமிருந்து வேறு வடிவமும் வந்திருந்தால் இரண்டும் தெரியும். கோடுகளை ஒப்பிட்டு, எந்தக் கூட்டத்தில் வகை அதிகம், எதில் குறைவு, யார் யாருக்குப் பக்கம் என்று கணக்கிடலாம். டிஎன்ஏ-வை நேரடியாகப் படிக்கும் வசதி வரும்வரை உலகெங்கும் பயிர்களின் உறவை அளக்க இந்த முறையைத்தான் பெரிதும் நம்பினார்கள். காட்டுச் சணலையும் இப்படி ஒப்பிட்டார்கள், செம்பனையையும் ஒப்பிட்டார்கள்.

செம்பனையில் அந்த வேலை நம் நாட்டில் நடந்தது, நம் பெயர்களோடு நடந்தது. 1973-இல் மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரியாவுக்குப் போய், காடும் ஊருமாக 45 இடங்களில் குலை சேகரித்தார்கள். இந்தத் தேடல் பணியோடு காலமெல்லாம் சேர்ந்தே பேசப்படும் பெயர் ராஜநாயுடு. பிறகு கேமரூன், காங்கோ, தான்சானியா, மடகாஸ்கர், அங்கோலா, செனகல், காம்பியா, கானா என்று தேடல் தொடர்ந்தது. அமெரிக்க உறவைத் தேடி ஹொண்டுராஸ் முதல் சூரினாம் வரையும் போனார்கள். செம்பனை விதையை நெல்போல மூட்டை கட்டி ஆண்டுக்கணக்கில் வைக்க முடியாது. மரமாக நட்டுத்தான் காக்க வேண்டும். ஆகவே எல்லாம் குளுவாங்கில் வயலில் நிற்கின்றன. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் பத்து ஆப்பிரிக்க நாடுகளின் 26 கூட்டங்களையும் ஒரு டெலிக் குடும்பத்தையும் சேர்ந்த 723 மரங்களை நொதிக் கோடுகளால் ஒப்பிட்டார்கள். அதன் ஆசிரியர்களில் ராஜநாயுடுவும் உண்டு, மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் விக்னேஸ்வரியும் உண்டு. இந்தப் பெயர்களை உங்கள் பள்ளிச் சுவரில் எங்காவது எழுதியிருக்கிறீர்களா?

காட்டு உறவால் நமக்கு என்ன பயன் என்று குலை வெட்டியவரிடம் கேளுங்கள். நைஜீரியச் சேகரிப்பிலிருந்துதான் மெதுவாக உயரும் குட்டை மரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே காலம் தள்ளிய ஒருவருக்குக் குட்டை மரத்தின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, நம் கடலோரத்து நோய். கோல சிலாங்கூரில் கரையோர நிலங்கள் முன்பு தென்னந்தோப்புகள். தென்னை நின்ற நிலத்தில் செம்பனை நட்டால் அடித்தண்டில் காளான் முளைத்து மரம் உளுத்துச் சாய்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நோயைச் செலுத்திப் பார்த்த சோதனைகளில் டெலி வழிக் கலப்புகள் அதிகம் விழ, காங்கோவும் கேமரூனும் கலந்தவை ஓரளவு தாங்கின. போகோரின் நான்கு கன்றுகளுக்குள் இல்லாத ஒன்று அந்தக் காடுகளில் இருந்திருக்கிறது.

இனி, கத்தியால் பார்க்கக்கூடியது. பழத்தைக் குறுக்கே வெட்டினால் மூன்று வகை தெரியும். ஓடு தடித்து, சதை குறைந்து, ஓட்டைச் சுற்றி நார் வளையம் இல்லாவிட்டால் துரா. ஓடு மெல்லியதாக, அதைச் சுற்றிக் கறுத்த நார் வளையம் இருந்தால் தெனெரா. ஓடே இல்லாவிட்டால் பிசிஃபெரா. பெரும்பாலும் இதுதான் குலை பழுக்காமல் கருகும் மரம். காங்கோவின் யங்காம்பி நிலையத்தில் பெய்ர்நார்ட்டும் வான்டர்வேயனும் 1941-இல் வெளியிட்ட உண்மை இது: ஓட்டின் தடிப்பை ஒற்றை மரபணு முடிவு செய்கிறது, துராவையும் பிசிஃபெராவையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் தெனெரா. மெண்டலின் பட்டாணியேதான். துராவுக்குப் பதிலாகத் தெனெரா நடத் தொடங்கியதும் அதே நிலத்தில் எண்ணெய் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. 2013-இல் அந்த மரபணுவையே கண்டுபிடித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டது மலேசிய செம்பனை வாரியக் குழு. ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தவர்கள். நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்துத் தேவையற்ற கன்றைக் கழிக்க இப்போது முடிகிறது. தனியார் தோட்டங்களிலும் அவற்றுக்குக் கன்று தரும் நாற்றங்கால்களிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களையும் கன்றுகளையும் சோதித்தபோது பத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவை தெனெரா அல்ல என்று தெரிந்தது. ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் நம்மவர்களே, மலிவுக் கன்று வாங்கி இருபத்தைந்து ஆண்டு நட்டப்படுவது இப்படித்தான். உரிமம் பெற்ற நாற்றங்காலில் மட்டும் வாங்குங்கள்.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

ஆண்டுக்கு ஒரு நாளைச் செம்பனைக்குக் கொடுங்கள். அந்த நாளில் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களை, விருந்தினராக அல்ல, ஆசிரியராக அழையுங்கள். நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, மரத்தடியில் கிடக்கும் உதிரிப்பழங்களை மரம் வாரியாகத் தனித்தனிப் பையில் சேருங்கள். கத்தி பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும். அவர் வெட்டுவார், பிள்ளைகள் பார்த்து, ஓட்டை அளந்து, வரைந்து, எந்த மரம் என்ன வகை என்று எழுதுவார்கள். ஒழுங்காக நட்ட வயலில் ஏறக்குறைய எல்லாமே தெனெராவாக இருக்கும். நடுவே ஒரு துரா தட்டுப்பட்டால் அது எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிறகு வேலியோரத்திலும் கால்வாய்க் கரையிலும் தானாக முளைத்து வளர்ந்த மரங்களுக்குப் போங்கள். அவை தெனெராவுக்கும் தெனெராவுக்கும் பிறந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கில் ஒன்று துரா, இரண்டு தெனெரா, ஒன்று பழமே உருப்படாத பிசிஃபெரா. எண்ணிக்கை சிறியதாக இருந்தால் கணக்கு பிசகும். ஆண்டுக்காண்டு சேர்த்தால் நெருங்கி வரும். ஆறாம் ஆண்டில் இதைக் கையால் தொட்ட பிள்ளைக்குப் படிவம் ஐந்தில் அந்தப் பாடம் புதிதாக இருக்காது.

பெரியவர்கள் சொல்வதையும் அதே ஏட்டில் எழுதிவையுங்கள்: பூ விரியும் நாள், கருகும் குலை, காளான் முதலில் எந்தப் பக்கம் முளைக்கும், எந்தப் பழைய வயலில் எந்த மரம் பேர் வாங்கியது. சுங்கை பூலோ எல்மினா தோட்டத்தில் தேர்ந்தெடுத்த இ 206 என்ற ஒரே துரா மரம், செம்பனை இனப்பெருக்கக் கணக்குகளில் இன்றும் பேர் சொல்லி நிற்கிறது. அந்தத் தோட்டம் இன்று நகரம். அதுபோல ஒரு மரத்தடியில் பழம் பொறுக்கியவர்கள் உங்கள் ஊரிலும் இருக்கலாம். மறுநடவு வந்தால் மரம் போய்விடும், தோட்டம் விலை போனால் ஆட்களும் சிதறிவிடுவார்கள்.

முன்னாள் மாணவர்களே, பேருந்துச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பாங்கியில் இருக்கும் செம்பனை வாரியத்துக்கு அழைத்துச் செல்ல எழுதிக் கேளுங்கள். நுண்ணோக்கியில் குரோமோசோமையும் பாளத்தில் கோடுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். பெற்றோரே, உங்கள் மகளோ மகனோ தாவர மரபியலோ வேளாண் அறிவியலோ படிக்கப் போகிறேன் என்றால், "மறுபடியும் தோட்டத்துக்கா?" என்று கேட்டு அடைத்துவிடாதீர்கள். குளுவாங்கில் நிற்கும் மரங்களுக்கு வயதாகிறது. அவற்றை மறுபடி நட்டு, ஒப்பிட்டு, காக்க ஆள் வேண்டும்.

தலைமையாசிரியர்களே, அடுத்த ஆண்டின் நடவடிக்கை அட்டவணை தயாராகும்போது ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். எந்தப் பள்ளி அழைத்தாலும் ஏட்டையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். அதற்கு முன்பே பாட்டிகளிடம் போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்தில் பிறந்த ஓர் உயிரியல் ஆசிரியர்
பெஸ்தாரி ஜெயா